கால்நடை மருந்துக் கடை: சீட்டில்லாமல் கேட்பவருக்கு எதைக் கொடுக்கலாம், எதை மறுக்க வேண்டும்?

நாமக்கல்_ஃபார்மசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் கால்நடை மருந்துகளுக்கென்றே ஒரு சில்லறைக் கடை தொடங்கும் வேலையில் இருக்கிறேன். டி.ஃபார்ம். முடித்த பதிவு பெற்ற மருந்தாளுநர். சுற்றிலும் கறவை மாடு, வெள்ளாடு. கொஞ்சம் தள்ளிப் போனால் முட்டைக்கோழிப் பண்ணைகள்.

சட்டம் ஓரளவு தெரியும். கடைத்தெருவில் நடப்பதுதான் குழப்பமாக இருக்கிறது. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி, வலி ஊசி, பால் இறங்க ஊசி, கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் பொடி என எல்லாவற்றையும் சீட்டில்லாமல் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். ரெப்கள் "பத்துக்கு மூணு ஃப்ரீ" என்று ஆன்டிபயாடிக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறவர்கள் மொத்தமாகக் கேட்கிறார்கள்.

நான் கேட்க விரும்புவது மூன்று. எதை எந்தச் சூழ்நிலையிலும் கொடுக்கவே கூடாது? சீட்டோடு வந்தாலும் கொடுக்கும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும்? மருந்து போட்ட மாட்டுப் பால் சங்கத்துக்குப் போய்விட்டால் பொறுப்பு யாருடையது: எழுதிய டாக்டரா, விற்ற கடையா, கறந்தவரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கறவை_வெட்

மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

பொறுப்பு மூவருக்கும் உண்டு. ஆனால் மருந்து கைமாறும் கடைசி இடம் உங்கள் கவுண்டர். டாக்டர் சீட்டில் எழுத மறந்ததையும் விவசாயி கேட்க மறந்ததையும் அங்கே பிடிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு பிடிப்பது பால் ஆய்வகம்தான், அல்லது குடித்தவர் உடம்பு.

சொல்லி அனுப்ப வேண்டியதில் முதலாவது விலக்குக்காலம். கடைசி மருந்து உடம்பில் ஏறிய நேரத்திலிருந்து பாலையோ முட்டையையோ இறைச்சியையோ உணவுக்கு விடக்கூடாத காலம் அது. 1945 மருந்து விதிகளில் 97-வது விதிப்படி, உணவுக்கான கால்நடைகளுக்குத் தரும் மருந்தின் அட்டையில் இதை அச்சிட வேண்டும். அச்சிடவில்லை என்றால் சட்டமே குறைந்தபட்சம் வைத்திருக்கிறது: பாலுக்கும் முட்டைக்கும் 7 நாள், கோழி, ஆடு, மாடு இறைச்சிக்கு 28 நாள், மீனுக்கு 500 டிகிரி-நாள் (தண்ணீர் 25 டிகிரி என்றால் 20 நாள்). "அட்டையில் ஒன்றும் போடலை, அதனால் கணக்கில்லை" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். அட்டை மௌனமாக இருந்தால் 7 நாள்.

கணக்கில் தவறு நடக்கும் இடங்கள்:

முதல் ஊசியிலிருந்து எண்ணுவது. கடைசி ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும். மூன்று நாள் வைத்தியம் என்றால் அந்த மூன்று நாளும் பால் கிடையாது. அதன் பிறகுதான் விலக்குக்காலமே தொடங்குகிறது.

மணியை நாளாக மாற்றுவது. அட்டையில் 72 மணி என்று இருக்கிறது, கடைசி ட்யூப் (காம்புத் துளை வழியாக மடிக்குள் ஏற்றும் மருந்து) வியாழன் மாலை 6 மணிக்கு ஏற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை 5 மணிக்குக் கறந்தால் அது 71 மணி. அந்தப் பால் ஆகாது. திங்கள் காலைப் பாலிலிருந்து ஊற்றலாம்.

ஒரு காம்பில் மட்டும் ட்யூப் ஏற்றிவிட்டு மற்ற மூன்றைக் கறந்து ஊற்றுவது. மடியிலிருந்து மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். ஆகவே நான்கு காம்புப் பாலும் விலக்கு.

அட்டை சொன்ன அளவையும் வழியையும் மீறிவிட்டு அட்டை சொன்ன நாளை மட்டும் வைத்துக்கொள்வது. தசையில் போட வேண்டிய ஊசி மருந்தை, ஜென்டாமைசினோ செஃப்ட்ரையாக்ஸோனோ, சிரிஞ்சில் எடுத்துக் காம்புக்குள் பீய்ச்சுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் அட்டையில் உள்ள நாளுக்கு எந்தப் பொருளும் இல்லை. பாலில் எவ்வளவு நாள் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஜென்டாமைசின் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் தங்கும் மருந்து. அந்த மாடு இறைச்சிக்குப் போனால் அதுவும் சிக்கல்.

வற்றவிடும்போது ஏற்றும் ட்யூப் தனி வகை, மெதுவாகக் கரையும்படி செய்தது. கறவையில் உள்ள மாட்டுக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது. பெட்டியும் நிறமும் ஒன்றுபோல இருக்கும், கவனம்.

ஐவர்மெக்டின்: கறவை மாட்டுக்குப் பொதுவாக ஆகாது. கொழுப்பில் கரைவது, அதனால் பாலில் வாரக்கணக்கில் வரும். உண்ணிக்கு என்று கேட்டு வருபவரிடம் "கறவையா, சினையா, வற்றினதா?" என்று கேட்காமல் அலமாரிப் பக்கம் கை போகக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கால்சியம் போரோகுளுகோனேட் 450 மி.லி. பாட்டிலை "பால் காய்ச்சல் (கன்று ஈன்ற மாட்டுக்குக் கால்சியம் குறைந்து வரும் நோய்), அவசரம்" என்று கேட்டு வாங்கிப்போய் நாளத்தில் வேகமாக ஏற்றினால் இதயம் அப்படியே நின்றுவிடும். மாட்டின் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டிய மருந்து அது. டாக்டர் அருகில் இருந்தால் மட்டும் கொடுங்கள். வாய்வழி கால்சியம் ஜெல் தாராளமாக விற்கலாம். ஆனால் படுத்துவிட்ட, விழுங்க முடியாத மாட்டுக்கு அதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

---

மருந்துப்பெட்டி

தம்பி, டாக்டர் மருந்துப் பக்கம் சொல்லிவிட்டார். நான் கடைப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் இடம். கால்நடை மருந்துக்குத் தனி அலமாரி வேண்டும். அல்லது வாடிக்கையாளர் கை எட்டாதபடி கடையில் தடுத்த தனிப் பகுதி. மருந்தின் மேல் "மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும்" என்ற வாசகமும் வீட்டு விலங்கின் தலைப்படமும் இருக்க வேண்டும். அந்தப் படம் இல்லாத பாட்டில் கால்நடைக்கென்று வந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பு. விலை குறைவாக இருக்கிறது என்று மனித மருந்தை மாட்டுக்கு மாற்றிக் கொடுக்கிற வேலையை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளாதே.

சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்றால், எழுத்தில், கையெழுத்தோடு, தேதியோடு, மாட்டுக்காரர் பேரும் முகவரியும், மருந்தும் அளவும். "ஒரு தடவைக்கு மேல் கொடுக்கலாம்" என்று டாக்டர் எழுதாவிட்டால் அந்தச் சீட்டு ஒரு தடவைக்குத்தான். கொடுத்ததும் சீட்டின் மேலேயே உன் கடைப் பேரும் தேதியும் போட்டுவிடு. போன வருசத்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள்.

எச்1 (கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் சட்டப் பட்டியல்) பதிவேடு தனி. செஃப்ட்ரையாக்ஸோன், செஃபோடாக்சிம், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிறவை. எழுதிய டாக்டர் பேர், முகவரி, யாருக்கு, என்ன மருந்து, எத்தனை. மூன்று வருசம் வைத்திருக்க வேண்டும். அதோடு இரண்டு பத்தியை நீயாகச் சேர்த்துக்கொள் என்று சொல்வேன்: பேட்ச் நம்பர், பால் விலக்கு முடியும் தேதி. சட்டம் கேட்கவில்லை. ஆனால் ஒரு பேட்ச் கெட்டது என்று தகவல் வந்தால் யார் வீட்டில் இருக்கிறது என்று பத்து நிமிசத்தில் போன் போடலாம்.

ஊசி போட வருகிறவர்கள் விசயம். 1984-ம் வருசத்து இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தில் 30-வது பிரிவு தெளிவு. வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் வேலை. சின்னச் சின்னப் பணிகளை மற்றவர் செய்யலாம், அதுவும் டாக்டரின் மேற்பார்வையில், அவர் சொல்படி. பை நிறைய செஃப்ட்ரையாக்ஸோன் குப்பி கேட்கிறவருக்கு எந்த டாக்டர் எந்த மாட்டுக்கு எழுதினார் என்று சீட்டு இல்லை என்றால் விற்பனை இல்லை. அவரிடம் கோபப்படத் தேவையில்லை. ஊரில் அவரை நம்பித்தான் பல பேர் இருக்கிறார்கள். பக்கத்து டாக்டரோடு சேர்த்து வைத்து, அந்த டாக்டர் சீட்டில் வாங்கும்படி பண்ணு. இரண்டு பேருக்கும் மரியாதை, மாட்டுக்கும் நல்லது.

ரெப் ஸ்கீம். ஆன்டிபயாடிக்கில் "பத்துக்கு மூணு" எடுத்தால் பதிமூன்றையும் காலாவதிக்கு முன் தள்ளியாக வேண்டும் என்ற நெருக்கடி உனக்கு வரும். அந்த நெருக்கடியில்தான் தேவையில்லாத மாட்டுக்கும் கை நீளும். அதனால் ஆன்டிபயாடிக்கில் ஸ்கீமே எடுக்க மாட்டேன் என்று கடை தொடங்கும்போதே சொல்லிவிடு. ஒரு மாத விற்பனைக்கு மேல் கையிருப்பு வைக்காதே. தாது உப்பு, காம்பு முக்கும் அயோடின், எலக்ட்ரால் பொடி மாதிரிச் சரக்கில் எவ்வளவு ஆஃபர் வேண்டுமானாலும் வாங்கு, அதில் யாருக்கும் கேடு இல்லை. டாக்டருக்குக் கமிஷன் கொடுத்து உன் கடைப் பேரை எழுத வைக்கிற வழக்கத்தில் இறங்கவே வேண்டாம். நேர்மையாகத் தொழில் செய்கிற டாக்டர் அதைக் கேட்க மாட்டார். கேட்கிறவர் நாளைக்குக் கூடுதலாகத் தருகிற கடைக்குப் போய்விடுவார்.

"பால் 2 லிட்டர் கூடும்" என்று பெரிதாகப் போட்ட டானிக் டப்பாக்கள் வரும். மருந்து உரிம எண் இருக்கிறதா, கலவையில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார். கலவை அளவு எழுதாத டப்பாவை என்ன சொல்லி விற்பாய்?

---

பால்_ஆய்வகம்

தம்பி கேட்ட பொறுப்பைப் பால் வந்து சேரும் இடத்திலிருந்து கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். "ஒரு மாட்டுப் பால்தானே, கேனில் கலந்தால் காணாமல் போய்விடும்" என்ற நம்பிக்கைதான் இருப்பதிலேயே பெரிய தொல்லை.

பாலில் பெனிசிலினுக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 3 லட்சம் யூனிட் பெனிசிலின் உள்ள ஒரு ட்யூப்பில் சுமார் 180 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அடுத்த கறவையில் வருகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்: 18 மில்லிகிராம், அதாவது 18,000 மைக்ரோகிராம். நாலால் வகுத்தால் 4,500. ஒரு மாட்டின் ஒரு வேளைப் பாலை வரம்புக்குள் கொண்டுவர 4,500 கிலோ சுத்தமான பால் வேண்டும். ஒரு கிராமத்துக் குளிரூட்டித் தொட்டி முழுவதையும் கெடுக்க ஒரு காம்பு போதும்.

காய்ச்சினால் போகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். போகாது. பாஸ்டரைஸ் செய்யும் சூட்டில் பெனிசிலின் வகை பெரும்பாலும் அப்படியே இருக்கும். வீட்டு அடுப்பில் பொங்கவைப்பதும் இதற்குத் தீர்வல்ல.

முதலில் அடிபடுவது தயிர். உறை மோரில் உள்ள நுண்ணுயிர்கள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், பெனிசிலின் கொஞ்சம் பட்டாலே அடங்கிவிடுபவை. பால் உறையாமல் நீர்த்துக் கிடந்தால் உறையையோ குளிரையோ குறை சொல்கிறோம். அதே உறையில் வேறு பால் தோய்ந்து இந்தப் பால் மட்டும் தோயவில்லை என்றால் மருந்துப் பாலா என்று சந்தேகப்படுங்கள். ஆனால் தயிர் நன்றாக உறைந்தது என்பதால் மருந்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் அளவைத் தயிர் காட்டிக்கொடுக்காது. எல்லா மருந்தும் அந்த நுண்ணுயிரை நிறுத்தாது.

அதற்குத்தான் பட்டைச் சோதனை இருக்கிறது. பால் சில துளிகள், சில நிமிடம், கோடு வருகிறதா இல்லையா. பீட்டா-லாக்டம் குழுவும் (பெனிசிலின், செஃப்ட்ரையாக்ஸோன் வகை) டெட்ராசைக்ளின் குழுவும் சேர்ந்த பட்டைகள் கிடைக்கின்றன. பட்டையில் இல்லாத மருந்து குழுவை அது பார்க்காது. எந்த ஊசி போட்டது என்று தெரியாமல் பட்டை வாங்கினால் பயனில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எடுத்து 2019-ல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் வரம்பைத் தாண்டியிருந்தது. 1.2 சதவீதம். சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதே ஆய்வில் 5.7 சதவீத மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது, அதில் நம் மாநிலம்தான் முன்னால் நின்றது. அது பூசணம் பிடித்த தீவனத்திலிருந்து வருவது. உங்கள் கடையில் தீவனமும் வைக்கப் போகிறீர்கள் என்றால் மூட்டையைத் தரையில் நேராக அடுக்காதீர்கள், மரப்பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி. ஈரம்பட்ட மூட்டையைக் குறைந்த விலைக்கும் தள்ளக் கூடாது. இதுவும் கால்நடைத் தொழிலின் பொறுப்புதான். மருந்து அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

விலக்குப் பாலைக் கன்றுக்கு ஊட்டலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. வேண்டாம். குறைந்த அளவு மருந்து தினமும் குடலுக்குள் போனால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் அங்கே வளரும். குழி வெட்டி ஊற்றி மூடுவது நல்லது; கிணறு, வாய்க்கால் பக்கம் வேண்டாம்.

---

தோட்டத்துப்பால்

எல்லாம் சரிங்க. கறக்கிறவன் பக்கமும் பாருங்க. 10 லிட்டர் மாடு, வைத்தியம் 3 நாள், விலக்கு 7 நாள். 100 லிட்டர் பால். லிட்டருக்கு 35 ரூபாய் வைத்தாலும் 3,500 ரூபாய் மண்ணுக்குப் போகுது. மருந்துச் செலவு தனி. இரண்டு மாடு வைத்திருப்பவனுக்கு அது ஒரு மாத லாபம். டாக்டரும் சொல்ல மாட்டார், கடைக்காரரும் சொல்ல மாட்டார், பட்டையில் பிடிபட்டால் மட்டும் எங்கள் பாலைத் திருப்பி அனுப்புவார்கள். அவசரத்துக்கு டாக்டர் கிடைக்காத ஊரில் சீட்டு சீட்டு என்றால் எங்கே போவது?

---

கறவை_வெட்

நியாயமான கேள்வி அண்ணா. இழப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது என்பது உண்மை. அதனால்தான் மருந்து எழுதும் முன்பே விலக்குக்காலத்தைச் சொல்லுவது டாக்டரின் கடமை என்கிறேன். ஒரே நோய்க்குப் பொருந்தும் இரண்டு மருந்தில் ஒன்றுக்கு அட்டையில் 3 நாள், இன்னொன்றுக்கு ஒன்றுமே அச்சிடவில்லை (ஆகவே 7 நாள்) என்றால், முதல் மருந்து 100 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் உங்களுக்கு அதுதான் மலிவு. 4 நாள் பால், 40 லிட்டர், 1,400 ரூபாய். இந்தக் கணக்கைக் கவுண்டரில் போட்டுக் காட்ட முடியும். கடைக்காரர் மருந்தைக் கொள்முதல் செய்யும்போதே விலக்குக்காலம் அச்சிட்ட கம்பெனிச் சரக்கை எடுத்தால் மற்ற கம்பெனிகளும் அச்சிடத் தொடங்கும்.

அடுத்தது, மடிநோயை ஊசிக்கு முன் பிடிப்பது. சி.எம்.டி. கரைசல் (பாலில் மடிநோயைக் காட்டும் சோதனைக் கரைசல்) சீட்டில்லாமல் விற்கலாம். நான்கு குழிவு உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் 3 மி.லி. பால், அதே அளவு கரைசல், பத்து விநாடி சுழற்ற வேண்டும். நீர் போல ஓடினால் நலம். கொழகொழவென்று திரண்டால் அந்தக் காம்பில் கோளாறு. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் மடி வீங்கி, பால் திரிந்து, ரத்தம் வரும் நிலைக்குப் போகாமல் பல மாடுகளைக் காப்பாற்றலாம்.

தொடக்க நிலைக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்த பூச்சு நம் ஊரில் நன்றாகத் தெரிந்தது. கறந்து, கழுவி, தண்ணீரில் தளர்த்திய பூச்சை ஒரு நாளில் பல தடவை மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு தடவை பூசிவிட்டு விட்டால் பலன் இல்லை. காய்ச்சல் இருந்தாலோ, மாடு தீவனம் எடுக்காவிட்டாலோ, மடி குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ பூச்சோடு உட்காரக் கூடாது. அது உயிர்போகும் மடிநோய், மணிக்கணக்கில் முடிந்துவிடும். 1962-க்கு (கால்நடை அவசர உதவி எண்) போன் போடுங்கள், அல்லது கடைக்காரர் போட்டுத் தரட்டும்.

டாக்டர் எழுதி, ட்யூப் ஏற்றும்போது: மடியை முழுக்கக் கறந்துவிட வேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது எட்டத்துக் காம்பு முதலில், கிட்டத்துக் காம்பு பிறகு. ஏற்றும்போது அதற்குத் தலைகீழ், அப்போதுதான் துடைத்த காம்பில் கை படாது. ட்யூப்பின் மூக்கை முழுவதும் உள்ளே தள்ளக் கூடாது, 3, 4 மில்லிமீட்டர் போதும். முழுவதும் தள்ளினால் நுனியில் இருக்கும் கிருமியையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறோம், காம்புத் துளையின் காப்பும் கிழிகிறது. மாடு நன்றாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன எண்ணிக்கைக்கு முன் நிறுத்தக் கூடாது.

அளவு குறைவதும் ஒரு மோசம். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஊசி போட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் போடுகிறோம். மார்புச் சுற்றளவு அங்குலத்தில், அதை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தால் (தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை, அங்குலம்) பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 66, நீளம் 58 என்றால் சுமார் 383 கிலோ. கடையில் ஒரு டேப்பும் இந்தச் சூத்திரம் எழுதிய அட்டையும் மாட்டி வையுங்கள்.

---

மாயாறு_பாறு

வலி ஊசி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. "எதைக் கொடுக்கவே கூடாது" என்ற கேள்விக்கு நேரடியான பட்டியல் இங்கேதான் இருக்கிறது.

டைக்ளோஃபெனாக்: கால்நடைக்கு 2006-லிருந்து தடை. போட்ட மாடு சில நாளில் இறந்து, அந்தச் சடலத்தைப் பாறு கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும், உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-ல் இதை உறுதிசெய்தது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான 30 மி.லி. குப்பி மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் 2015-ல் மனித ஊசியையே 3 மி.லி. ஒற்றை அளவாகக் குறைத்தார்கள். ஆகவே யாராவது 3 மி.லி. ஆம்பூல் பத்து, பதினைந்து சேர்த்துக் கேட்டால் அது யாருக்கு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கீட்டோப்ரொஃபென், அசெக்ளோஃபெனாக்: 2023 ஜூலையில் கால்நடைக்குத் தடை. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காக மாறுகிறது. நிமசுலைடும் அதன்பின் தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. பழைய கையிருப்பு, கூட்டுமருந்து வடிவில் வருவது, எல்லாவற்றிலும் கலவை வரியைப் படியுங்கள்.

பாறுகளுக்குப் பாதுகாப்பு என்று சோதித்து உறுதியானவை மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் அமிலமும். "மெலாக்சிகாம் கேட்காது" என்ற புகார் பெரும்பாலும் அளவுக் குறைவால் வருவது. கிலோவுக்கு 0.5 மி.கி. என்று டாக்டர் எழுதினால் 400 கிலோ மாட்டுக்கு 200 மி.கி.; மி.லி.க்கு 5 மி.கி. உள்ள பாட்டிலில் அது 40 மி.லி. பத்து மி.லி. போட்டுவிட்டு மருந்து சரியில்லை என்கிறார்கள். நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி தென்னிந்தியாவின் எஞ்சிய பாறுகளில் பல கூடு கட்டுகின்றன. அவை ஒரே நாளில் நெடுந்தூரம் பறந்து இரை தேடும். நாமக்கல் கடையில் விற்றது மாயாற்றைத் தொடாது என்று சொல்ல முடியாது.

---

முட்டைக்கோழி_வெட்

கோழிப் பக்கம் சுருக்கமாக.

கோலிஸ்டின்: 2019 ஜூலையிலிருந்து உணவுக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் தடை. மனிதர்களுக்கு வேறு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காதபோது கடைசியாகத் தருகிற மருந்துகளில் ஒன்று அது. அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015-ல் சீனாவில் கண்டறிந்தார்கள், பன்றிகளில் தேடியபோது. "குடல் பவுடர்", "வளர்ச்சிப் பொடி" என்று பெயர் மாறி வந்தாலும் கலவையில் கோலிஸ்டின் சல்ஃபேட் இருந்தால் கையில் வாங்காதீர்கள்.

முட்டையிடும் கோழிக்கு மருந்து கேட்டால் அட்டையில் "முட்டையிடும் கோழிக்கு அல்ல" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 7 நாள் கணக்கெல்லாம் பேசக் கூடாது, அந்த மருந்தே ஆகாது.

தடுப்பூசி விற்றால் ஃபிரிட்ஜ் பொறுப்பு உங்களுடையது. 2 முதல் 8 டிகிரி. கதவுத் தட்டில் வைக்கக் கூடாது, உறைபெட்டி ஒட்டியும் வைக்கக் கூடாது. எண்ணெய் கலந்த, கிருமியைச் செயலிழக்க வைத்துச் செய்த தடுப்பூசி ஒரு தடவை உறைந்தால் குழம்பு பிரிந்துவிடும், பிறகு குலுக்கிப் பயனில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கான உயிர்த் தடுப்பூசி வெயிலிலும் சூட்டிலும் செத்துப்போகும். ஐஸ் இல்லாமல் பிளாஸ்டிக் பையில் கொடுத்து அனுப்பிவிட்டு நோய் வந்தால், விற்றது வெறும் கண்ணாடிக் குப்பிதான். தினமும் காலை, மாலை வெப்பநிலையை எழுதி ஒட்டுங்கள்; மின்சாரம் நீண்ட நேரம் போன நாளை மறைக்காமல் குறித்து, அந்தக் குப்பிகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

பால் இறங்கும் ஊசி, ஆக்சிடோசின். 2018-ல் தனியார் உற்பத்திக்கு மத்திய அரசு போட்ட தடையை டெல்லி உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே ரத்து செய்தது. அதை வைத்து "இப்போது தடை இல்லை" என்று பேசுவார்கள். மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதும், பால் கறக்க உடல்நலத்துக்குக் கேடான ஊசி போடுவது 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 12-வது பிரிவுப்படி குற்றம் என்பதும் மாறவில்லை. பிரசவச் சிக்கலுக்கு டாக்டர் எழுதினால் கொடுங்கள், அந்த ஒரு மாட்டுக்கான அளவு மட்டும். கன்று இறந்து பால் இறக்காத மாடு என்றால் ஒரே நேரம், ஒரே ஆள், கறக்கும்போது அடர்தீவனம், ஒரு நிமிடம் மடி தடவல். சில நாளில் பழகும்.

---

நாமக்கல்_ஃபார்மசி

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆன்டிபயாடிக் கொடுக்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்ட ஒரு சீட்டு தயாரித்திருக்கிறேன்: "மருந்தின் பெயர் ___ / எத்தனை நாள் போட வேண்டும் ___ / பால் ___ நாள் விற்கக் கூடாது." சரியா என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத வேலையாட்கள் கறக்கும் பண்ணைகளும் இருக்கின்றன, அவர்களுக்கு என்ன செய்வது?

---

கறவை_வெட்

மூன்றாவது வரியை மாற்றுங்கள். "___ நாள்" என்றால் எதிலிருந்து என்ற குழப்பம் வரும். கடைசி மருந்து எப்போது போடப்போகிறார்கள் என்று சீட்டிலிருந்து கணக்கிட்டு, நீங்களே தேதியும் வேளையும் எழுதுங்கள்: "14-ம் தேதி காலைப் பாலிலிருந்து ஊற்றலாம். அதுவரை நான்கு காம்புப் பாலும் ஆகாது." இடையில் டாக்டர் ஊசியைக் கூட்டினால் தேதியும் தள்ளும், போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். இறைச்சிக்கு விற்கக் கூடாத தேதியும் ஒரு வரி சேருங்கள். மடிநோய் தீராத மாட்டை மறுவாரமே சந்தைக்கு ஓட்டுவது வழக்கமாக இருக்கிறது.

படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிவப்பு நாடா. வைத்தியத்தில் இருக்கும் மாட்டின் பின்னங்காலில் கட்ட வேண்டும். கழுத்தில் கட்டினால் கறக்க உட்காருகிறவர் கண்ணில் படாது. பொட்டலத்தோடு ஒரு முழம் நாடா கொடுத்துவிடுங்கள். விலக்கு முடிந்த பிறகு அவிழ்க்க வேண்டும், அதற்கு முன் இல்லை. வைத்திய மாட்டைக் கடைசியாகக் கறக்கச் சொல்லுங்கள், தனி வாளியில். கறவை இயந்திரம் என்றால் அந்த மாட்டுப் பால் குழாய்க்குள்ளேயே போகக் கூடாது.